ஆபரேஷனாகிப்போன பெயர்

டாமி ஜான் என்றால் இன்று அமெரிக்காவில் ஓர் அறுவைசிகிச்சை. நம்மூரில் ‘பைபாஸ் பண்ணியாச்சு’ என்பதுபோல அங்கே பேஸ்பால் ரசிகர்கள் ‘டாமி ஜான் பண்ணியாச்சு, அடுத்த வருஷம் ஆட மாட்டான்’ என்பார்கள். நோய்க்கும் வைத்தியத்துக்கும் டாக்டரின் பெயரை வைப்பதுதான் வழக்கம். நோயாளியின் பெயர் நிலைப்பது அபூர்வம். பேஸ்பாலில் மட்டும் அது இரண்டு முறை நடந்திருக்கிறது. ஏ.எல்.எஸ். என்னும் நரம்புநோயை அமெரிக்கர்கள் லூ கெரிக் நோய் என்றே சொல்கிறார்கள். கெரிக் அந்த நோயில் இறந்துபோனார். டாமி ஜானோ, தன் பெயரைச் சூடிக்கொண்ட சிகிச்சைக்குப் பிறகு பதினான்கு சீசன் ஆடினார்.

இதை ஒரு வைத்திய அற்புதமாகச் சொல்லி முடித்துவிடுவார்கள்: அறுந்த கை, துணிந்த டாக்டர், மீண்டு வந்த வீரர். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஜானின் இருபத்தாறு சீசன்களையும் காயக்கணக்காக எடுத்துவைத்துப் பார்த்தால் வேறொன்று தட்டுப்படுகிறது. அவரைக் காப்பாற்றியதில் டாக்டரின் கத்திக்குப் பாதிப் பங்கு. மீதிப் பாதி, அவர் வேகமாக எறியக்கூடியவராக இல்லாமல் இருந்தது.

முதலில் அந்த எறிதலைப் பார்த்துவிடலாம். பேஸ்பாலில் பந்தை எறிபவருக்குப் பிட்சர் என்று பெயர். சற்றே உயர்ந்த மண்மேட்டில் நின்றுகொண்டு, 60 அடி 6 அங்குலத்துக்கு அப்பால் உள்ள இலக்கை நோக்கி எறிய வேண்டும். ஓடி வருவது கிடையாது. கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர் ஓடி வந்து அந்த ஓட்டத்தைப் பந்தில் ஏற்றுகிறார். மடங்கிய முழங்கையை நீட்டி எறியக் கூடாது என்று விதி தடுக்கிறது. அதனால் அவருக்குப் பெரும்பாலும் போவது முதுகு. பிட்சருக்கு அந்தத் தடை இல்லை. நின்ற இடத்தில் காலைத் தூக்கி, ஓர் எட்டு வைத்து, இடுப்பையும் தோளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி, கடைசியில் கையைச் சாட்டைபோலச் சொடுக்குகிறார். உடம்பு முன்னே போய்விட்ட பிறகும் முன்கை ஒரு கணம் பின்னாலேயே கிடக்கிறது. அந்தக் கணத்தில் முழங்கையின் உட்பக்கம் பிளந்துகொள்ளப் பார்க்கும். பிளக்க விடாமல் மேல்கை எலும்பையும் முன்கையின் அல்னா எலும்பையும் சேர்த்துக் கட்டியிருப்பது சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு தசைநார். ஆங்கிலச் சுருக்கத்தில் யு.சி.எல்.

அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் உள்ள விளையாட்டு மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் கிளென் ஃப்ளைசிக் குழுவினர் 1995இல் வெளியிட்ட அளவின்படி, அந்தக் கணத்தில் முழங்கை தாங்கும் திருகுவிசை சுமார் 64 நியூட்டன் மீட்டர். இறந்தவர்களின் கைகளில் சோதித்தபோதோ, அந்தத் தசைநார் ஏறக்குறைய அதில் பாதி விசைக்கே அறுந்துவிட்டது. அப்படியானால் ஒவ்வொரு பந்துக்கும் ஏன் அறுவதில்லை? சுற்றியுள்ள முன்கைத் தசைகள் இறுகிச் சுமையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கின்றன. தசை களைத்தால் அந்தப் பங்கும் தசைநாரின் தலையில் விழுகிறது. ஆட்டத்துக்கு நூறு பந்து, சீசனுக்கு மூவாயிரம் பந்து என்று இதைப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஜானின் கதைக்கு முன்கதை ஒன்று உண்டு. அதே லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணி, அதே இடது கை. ஆள்தான் வேறு: சாண்டி கோஃபேக்ஸ். 1960களின் முதல் பாதியில் அவரைப்போல யாரும் எறியவில்லை என்று சொன்னால் சண்டைக்கு வருபவர்கள் குறைவு. 1964 ஆகஸ்டில் மில்வாக்கியில் ஓர் ஆட்டத்தில், இரண்டாவது தளத்துக்குத் திரும்பப் பாய்ந்து விழுந்தபோது கை ஊன்றியது. அடுத்த வசந்தப் பயிற்சிக் காலத்தில், ஒரு முழு ஆட்டம் எறிந்த மறுநாள் காலையில் பார்த்தால் அந்தக் கை இரத்தம் கட்டிக் கறுத்துக் கிடந்தது. அணியின் மருத்துவர் ராபர்ட் கெர்லன் சொன்னது மூட்டழற்சி. எறிந்துகொண்டே போனால் கை முழுமையாகப் பயன்படாமல் போகலாம் என்றும் எச்சரித்தார்.

கோஃபேக்ஸ் எறிந்துகொண்டே போனார். 1965இல் 335 இன்னிங்ஸ்; ஓர் ஆட்டத்துக்கே ஒன்பதுதான். 382 மட்டையாளர்களை ஸ்ட்ரைக்-அவுட், அதாவது பந்தை அடிக்க விடாமலே வெளியேற்றம். செப்டம்பர் 9 அன்று ஒருவரைக்கூடத் தளமேற விடாத பெர்ஃபெக்ட் கேம். ஆட்டத்துக்கு முன் காப்சொலின் என்னும் களிம்பை முதுகிலும் கையிலும் தேய்த்துக்கொள்வார். மிளகாயின் காரச்சத்தில் செய்தது. மற்றவர்கள் தொட்டால் கண் கலங்கும். வலிக்கு கோடீன் கலந்த மாத்திரை, வீக்கத்துக்கு பந்தயக் குதிரைகளுக்கும் கொடுக்கும் பியூட்டாசொலிடின், மூட்டுக்குள் கார்டிசோன் ஊசி, ஆட்டம் முடிந்ததும் ஐஸ் தொட்டியில் முழங்கை. கை நேராக நீளாமல் போனதால் கோட்டின் இடது கையை மட்டும் தையல்காரரிடம் கொடுத்துக் குட்டையாக்கிக்கொண்டார். இந்த ஒரு விவரம் போதும், மற்ற புள்ளிவிவரங்களை மறந்துவிடலாம். 1966இல் 27 வெற்றி, வாழ்நாளின் மிகச் சிறந்த சீசன். நவம்பர் 18 அன்று ஓய்வை அறிவித்தார். வயது 30.

கெர்லனோடு 1965இல் சேர்ந்து மருத்துவமனை தொடங்கியவர் ஃபிராங்க் ஜோப். இரண்டாம் உலகப்போரில் 101ஆம் வான்வழித் தரைப்படைப் பிரிவின் மருத்துவப் பொருள் சார்ஜென்ட். போர்முனையில் டாக்டர்கள் வேலை செய்வதைப் பார்த்துத்தான் மருத்துவத்துக்கு வந்தார். பத்து வருஷம் முன்னாலேயே யோசனை வந்திருந்தால் அந்த ஆபரேஷனுக்குக் கோஃபேக்ஸ் பெயர் வந்திருக்கும் என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

இனி ஜான். 1943 மே 22 அன்று இண்டியானா மாநிலத்தின் டெரி ஹோட் நகரில் பிறந்தவர். 1963இல் கிளீவ்லாந்து அணியில் தொடங்கி, 1965இல் சிகாகோ வொயிட் சாக்ஸுக்குப் போனார். முதல் பெரிய காயம் எறிந்து வந்ததல்ல, சண்டையில் வந்தது. 1968 ஆகஸ்ட் 22 அன்று டெட்ராய்ட் வீரர் டிக் மெக்காலிஃப், தன் தலையைக் குறிவைத்து எறிகிறார் என்று கோபித்து மேட்டை நோக்கி ஓடி வந்து மோதினார். ஜானின் தோளில் தசைநார் கிழிந்தது. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 1.98 ரன் மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்த சீசன் அத்தோடு முடிந்தது. மெக்காலிஃபுக்கு ஐந்து ஆட்டத் தடையும் 250 டாலர் அபராதமும். ஒரு பிட்சரின் தோளுக்கு அன்று அவ்வளவுதான் விலை.

1971 டிசம்பரில் டிக் ஆலன் என்ற பெரிய மட்டையாளரைச் சிகாகோவுக்குக் கொடுத்து, ஜானையும் இன்னொருவரையும் டாட்ஜர்ஸ் வாங்கியது. மறுவருடமே தளத்துக்குச் சறுக்கி விழுந்ததில் முழங்கை அடிபட்டு, எலும்புத் துணுக்குகளை ஜோப் எடுத்தார். டாக்டரும் நோயாளியும் அறிமுகமானது அப்போது. இது சிறிய விஷயமில்லை. இரண்டு வருடம் கழித்து, இதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்யட்டுமா என்று அதே டாக்டர் கேட்டபோது தலையாட்டுவதற்கு அந்தப் பழக்கம் வேண்டியிருந்தது.

1974 ஜூலை 17. டாட்ஜர் ஸ்டேடியம், எதிரே மான்ட்ரியால் எக்ஸ்போஸ். அந்த சீசனில் ஜானின் கணக்கு 13 வெற்றி, 3 தோல்வி. ஒரு பந்தை எறியும்போது, கையையே எங்கோ விட்டுவிட்டு வந்ததுபோல இருந்தது என்று பின்னாளில் விவரித்தார். வலிகூடப் பெரிதாக இல்லை. சந்தேகத்தில் இன்னொரு பந்து எறிந்தார். பிறகு தானாகவே மேட்டைவிட்டு இறங்கி, வேறு ஆளை அனுப்புங்கள் என்று மேலாளர் வால்ட்டர் ஆல்ஸ்டனிடம் சொல்லிவிட்டு ஜோபைத் தேடினார்.

ஓய்வெடுத்துப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. அறுந்த தசைநாரை இழுத்துத் தைப்பது அன்றைய அறிவுக்கு வீண்வேலை. எறியும் கையில் அது நிற்காது. ஜோப் வேறு வழி யோசித்தார். போலியோவில் செயலிழந்த கைகால்களுக்கு வேறிடத்துத் தசைநாணை மாற்றிப் பொருத்தும் சிகிச்சை அவருக்குத் தெரிந்தது. அதே நாணைத் தசைநாருக்குப் பதிலாகக் கட்டினால்?

நாண் எங்கிருந்து எடுப்பது என்பதை நீங்கள் இந்தக் கட்டுரையை வாசித்துக்கொண்டிருக்கும்போதே பார்க்கலாம். கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்துவைத்து, மணிக்கட்டைச் சற்று உள்பக்கம் மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் ஒரு கயிறு புடைத்து நிற்கும். பால்மாரிஸ் லாங்கஸ் என்னும் தசையின் நாண் அது. உங்களுக்குப் புடைக்கவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம்; பலருக்குப் பிறவியிலேயே கிடையாது, இல்லாததால் எந்தக் குறையும் தெரிவதுமில்லை. இயற்கை நமக்குள் உதிரிபாகம் வைத்து அனுப்பியிருக்கிறதென்றால் இதுதான்.

செப்டம்பர் 25 அன்று ஜோப், ஜானின் வலது முன்கையிலிருந்து அந்த நாணை எடுத்தார். இடது முழங்கையின் இரண்டு எலும்புகளிலும் துளையிட்டு, எட்டு வடிவில் கோத்து இறுக்கினார். பழைய நிலைக்குத் திரும்பும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். செய்யாவிட்டால் அந்த ஒன்றும் இல்லை. ஜான் போட்ட கணக்கு இவ்வளவுதான்.

பிறகு நடந்ததைப் பலர் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். ஆபரேஷன் முடிந்த சில வாரங்களில் ஜானின் இடது கை பருந்தின் காலைப்போல மடங்கிக்கொண்டது. முழங்கைப் பள்ளத்தில் ஓடும் அல்னா நரம்பு செயலிழந்திருந்தது. கதவில் முழங்கை இடித்தால் சுரீரென்று விரல்வரை ஓடுமே, அந்த நரம்பு. மோதிரவிரலும் சுண்டுவிரலும் மரத்துவிட்டன. டிசம்பரில் மீண்டும் திறந்து நரம்பை இடம் மாற்றினார் ஜோப். நரம்பு மாதத்துக்கு ஓர் அங்குலம் அளவுக்குத்தான் வளரும். முழங்கையிலிருந்து விரல்நுனிவரை எத்தனை அங்குலமோ அத்தனை மாதம் காத்திருக்க வேண்டும். இதற்கென்று வகுத்த உடற்பயிற்சி முறை எதுவும் உலகத்தில் இல்லை. மரத்த விரல்களைத் தானே விரித்துப் பந்தைப் பிடித்து, டேப் சுற்றிக்கொண்டு எறிந்து பழகினார். சக பிட்சர் மைக் மார்ஷல் உடலியக்கவியல் படித்தவர். பின்னாளில் அதில் முனைவர் பட்டமும் வாங்கினார். காலை அதிகம் திருப்பாமல் நேராக இலக்கை நோக்கி வரும் எறிமுறையை ஜானுக்கு அவர்தான் கற்றுக்கொடுத்தார்.

1975 சீசன் முழுக்கப் போயிற்று. 1976 ஏப்ரல் 16 அன்று அட்லாண்டாவில் மீண்டும் மேடேறினார். ஐந்து இன்னிங்ஸ் எறிந்தார்; ஆட்டம் தோல்வி. அந்த வருடம் 207 இன்னிங்ஸ், பத்து வெற்றி, பத்துத் தோல்வி. பேஸ்பாலில் அணியின் வெற்றி ஒரு பிட்சரின் பேரில் எழுதப்படும். அந்தக் கணக்கில் ஆபரேஷனுக்கு முன் ஒரு சீசனிலும் 20ஐத் தொடாதவர், அதற்குப் பின் மூன்று முறை தொட்டார்: 1977இல் 20, நியூயார்க் யாங்கீஸுக்குப் போய் 1979இல் 21, 1980இல் 22. மொத்தம் 288. அதில் முன்னால் 124, பின்னால் 164. கோஃபேக்ஸ் வாழ்நாள் முழுவதும் வென்றது 165.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துவிட்டு ‘பார்த்தீர்களா, வைத்தியம் எட்டு வருடம் பிந்தியதால் ஒரு மேதையை இழந்தோம்’ என்று முடிப்பது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. கோஃபேக்ஸ் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி ஒன்பதுக்கு மேல் ஸ்ட்ரைக்-அவுட் எடுத்தவர். ஜானின் சராசரி நாலேகால். ஜானின் ஆயுதம் சிங்கர் என்னும் பந்து. மட்டையாளருக்கு அடிக்கத் தோதாக வந்து, கடைசி நேரத்தில் ஒரு சாண் தாழ்ந்துவிடும். அடித்தால் பந்து தரையில் உருளும். அதைப் பொறுக்கி எறிவது மற்ற ஆட்டக்காரர்களின் வேலை. வேகம் கூடினால் சிங்கர் சரியாகத் தாழாது. ஆக, அவர் எறிந்த பந்துக்கு முழு பலத்தையும் போட வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆபரேஷனின்போது கோஃபேக்ஸின் வேகப்பந்தைப் பொருத்தச் சொன்னேன், டாக்டரும் பொருத்தினார், ஆனால் அது திருமதி கோஃபேக்ஸின் வேகப்பந்து என்று ஜானே கேலி செய்வார். அந்தக் கேலிக்குள் காரணமும் இருக்கிறது. புது நாண் தாங்கியதற்கு, அதன்மேல் அவர் ஏற்றிய சுமையும் ஒரு விடை.

புது நாண் எல்லோருக்கும் தாங்குமா என்ற சந்தேகம் ஜோபுக்கும் இருந்திருக்க வேண்டும். அடுத்த பிட்சருக்கு அவர் இதைச் செய்தது 1978இல்தான். அவர் பெயர் பிரென்ட் ஸ்ட்ராம். பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீக்குக்கு அவர் வீரராகத் திரும்பவே இல்லை. பல வருடம் கழித்து ஹூஸ்டன் அணியின் பிட்சிங் பயிற்சியாளராகப் பெயர் வாங்கினார். அவர் பெயரில் ஆபரேஷன் எதுவும் இல்லை. 1986இல் ஜோப் குழுவினர் வெளியிட்ட முதல் ஆய்வறிக்கையில் இருந்தவர்கள் 16 பேர். பழைய நிலைக்குத் திரும்பியவர்கள் பத்துப் பேர்.

அதன்பின் முறை திருந்தியது. நரம்பைத் தொந்தரவு செய்யாமல், தசையை வெட்டாமல் உள்ளே போகக் கற்றுக்கொண்டார்கள். பர்மிங்ஹாமில் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் குழுவினர் 743 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010இல் எழுதியபோது 83 சதவீதம் பேர் பழைய நிலைக்கோ அதற்கு மேலோ திரும்பியிருந்தார்கள். நூற்றுக்கு ஒன்றாக இருந்தது நூற்றுக்கு எண்பத்து மூன்று. இங்கேதான் கதை கோணலாகிறது. பழுதுபார்க்க முடியும் என்று தெரிந்த பிறகு, உடையுமே என்ற பயம் போய்விட்டது.

மேஜர் லீகில் வேகப்பந்தின் சராசரி 2008இல் மணிக்கு 91.3 மைல், சுமார் 147 கிலோமீட்டர். 2024இல் 94.2 மைல், சுமார் 152 கிலோமீட்டர். ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு எறிவதும், பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் ஓயாமல் கூட்டப் பார்ப்பதுமே காயங்கள் பெருகுவதற்குக் காரணங்கள் என்று மேஜர் லீக் பேஸ்பாலே 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. 2012-13 வாக்கில் மேஜர் லீக் பிட்சர்களில் கால்வாசிப் பேர் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களாக இருந்தார்கள். அதற்குப் பின் அந்தப் பங்கு குறையவில்லை. ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹெய் ஓட்டானி 2018இல் செய்துகொண்டார். 2023இல் மறுபடியும் அதே முழங்கை மேசைக்குப் போயிற்று.

இவர்களாவது பெரியவர்கள், கோடிகளில் சம்பளம் வாங்கிக்கொண்டு தெரிந்தே இறங்குகிறவர்கள். பையன்களின் கதை வேறு. காப்பீட்டு ஆவணங்களை ஆராய்ந்தவர்கள், 2007 முதல் 2011 வரை இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 15 முதல் 19 வயதுக்காரர்கள் என்று கண்டார்கள். பர்மிங்ஹாம் நிறுவனத்தின் 2006 ஆய்வு, தோளிலோ முழங்கையிலோ ஆபரேஷனுக்கு வந்த இளம் பிட்சர்களையும் காயமில்லாதவர்களையும் ஒப்பிட்டது. வருடத்தில் எட்டு மாதத்துக்கு மேல் எறிபவர்களுக்கு ஆபத்து ஐந்து மடங்கு. கை களைத்த பிறகும் வழக்கமாக எறிபவர்களுக்கு 36 மடங்கு. களைத்த தசை சுமையைத் தசைநாரிடம் தள்ளிவிடும் என்று முன்னால் சொன்னேனே, அந்தக் கணக்கு பையன்களின் கையில் எழுதப்பட்டிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2012இல் வெளியான ஒரு கருத்தாய்வில், கை நன்றாக இருக்கும்போதே இந்த ஆபரேஷனைச் செய்துகொண்டால் ஆட்டம் கூடும் என்று உயர்நிலைப் பள்ளி வீரர்களில் பாதிப் பேர் நம்பினார்கள். பெற்றோரில் மூன்றில் ஒருவருக்கு மேல், பயிற்சியாளர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். உண்மையில் ஆட்டம் அப்படிக் கூடுவதில்லை. ஆபரேஷனுக்குப் பின் வேகம் கூடியதாகத் தோன்றினால் அது ஒரு வருட உடற்பயிற்சியின் பலன். பெயரைக் கொடுத்தவரின் மகன், மூன்றாம் டாமி ஜான், பையன்களை இந்த மேசைக்கு அனுப்பாதீர்கள் என்று 2018இல் ஒரு புத்தகமே எழுதினார். நாற்பத்துநான்கு ஆண்டுகளில் ஒரு குடும்பத்துக்குள்ளேயே வட்டம் சுற்றி வந்துவிட்டது.

ஜான் 1989 வரை, நாற்பத்தாறு வயது வரை ஆடினார். 1986இல் மார்க் மெக்வயர் என்ற இளைஞர் மேஜர் லீகில் தன் முதல் ஹிட்டை அடித்தது ஜானின் பந்தில்தான். மெக்வயரின் தந்தை, ஜானுக்குப் பல் வைத்தியர். பல் டாக்டரின் பையன் அடிக்கத் தொடங்கிவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றார் ஜான். போகவில்லை, இன்னும் மூன்று சீசன் ஆடினார். சாம்பியனை முடிவுசெய்யும் உலகத் தொடரை மட்டும் அவர் வென்றதே இல்லை. 1977லும் 1978லும் டாட்ஜர்ஸில் இருந்து யாங்கீஸிடம் தோற்றார். யாங்கீஸுக்குப் போய் 1981இல் டாட்ஜர்ஸிடம் தோற்றார்.

கோஃபேக்ஸ் 36 வயதிலேயே, 1972இல், கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ்மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானார். ஜோபை அங்கே 2013இல் அழைத்துக் கௌரவித்தார்கள். அடுத்த மார்ச்சில் அவர் காலமானார். ஜானுக்கு, அங்கே நுழைய பேஸ்பால் எழுத்தாளர்கள் நடத்தும் வாக்கெடுப்பில் கடைசி வாய்ப்பு 2009இல் வந்தது. 75 சதவீதம் வேண்டும், கிடைத்தது 31.7. பழைய ஆட்டக்காரர்களுக்கான குழு 2024 டிசம்பரில் அவர் பெயரை மறுபடி எடுத்தது. பதினாறு பேர் கொண்ட குழு, பன்னிரண்டு வாக்கு வேண்டும். 1971இல் ஜானை வாங்க டாட்ஜர்ஸ் கொடுத்த டிக் ஆலன், இறந்து நான்கு வருடம் கழித்து 13 வாக்குப் பெற்று உள்ளே போனார். ஜானுக்கு விழுந்தது ஏழு.